வீட்டுவேலை பாக்குறவங்க சேந்து கூட்டுறவு ஆரம்பிக்கப் போறோம், ஏரியால டிமாண்ட் இருக்கான்னு எப்படிங்க பாக்குறது?

கூட்டுக்கை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க 12 பேர். 7 பேர் கிளீனிங், சமையல் பாக்குறாங்க, 3 பேர் வயசானவங்கள பாத்துக்குற வேலை, ஒருத்தர் பிளம்பிங், ஒருத்தர் எலக்ட்ரிக்கல். இவ்ளோ நாளா தனித்தனியாவும் ஏஜென்சி மூலமாவும் ஓடிட்டு இருந்தோம். ஏஜென்சி எடுக்குற கமிஷன பாத்து வயித்தெரிச்சல்தான் மிச்சம், அதான் நாமளே ஒரு கூட்டுறவா சேந்து நடத்தலாம், ரேட்டு, ரூல் எல்லாம் நாமளே உக்காந்து முடிவு பண்ணிக்கலாம், மிச்சம் வந்தா நமக்குள்ள பிரிச்சுக்கலாம்னு பேசி வச்சிருக்கோம்.

ஆரம்பச் செலவுக்கு கடன் கேட்டுப் போன எடத்துல "உங்க ஏரியால டிமாண்ட் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டாங்க. எங்க குரூப்ல ஒரு தங்கச்சி கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸப்ல சுத்த விட்டுச்சு. "நம்பிக்கையான ஆள் நியாயமான ரேட்டுக்கு கெடைச்சா கூப்பிடுவீங்களா?"ன்னு கேட்டதுக்கு பத்துல எட்டு பேர் ஆமான்னு போட்டிருக்காங்க. பாதி பேர் இதுவே போதும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்ங்குறாங்க, மீதிப் பேர் இது சும்மா சொல்றதுங்குறாங்க. இத அப்படியே ரிப்போர்ட்ல போட்டா போதுமா, இல்ல வேற எப்படி பாக்கணும்? மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிக்கு குடுக்குற அளவுக்கு காசு இல்ல, நாங்களே இறங்கி செய்யுற மாதிரி இருந்தா சொல்லுங்க.


பேரேடு:

அந்த ஃபார்ம ரிப்போர்ட்ல போடாதீங்க. கடன் குடுக்குறவங்க அந்தக் கேள்விய படிச்சதுமே சிரிப்பாங்க. நம்பிக்கையான ஆள், நியாயமான ரேட்டுன்னு கேட்டா எவன் வேணாம்னு சொல்லுவான், அந்த மீதி ரெண்டு பேர் எதுக்கு வேணாம்னாங்கங்குறதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

அதவிட முக்கியம், எத்தன வீட்டுக்கு ஆள் தேவைங்குறது உங்க கேள்வியே இல்ல. ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2021ல போட்ட கணக்குப்படி உலகம் முழுக்க 7.56 கோடி பேர் வீட்டுவேலை பாக்குறாங்க, அதுல முக்கால்வாசி பேர் பெண்கள், பத்துல எட்டு பேருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத முறைசாரா வேலை. ரிப்போர்ட்டோட மொத பக்கத்துல போட அந்த நம்பர் நல்லாதான் இருக்கும், ஆனா உங்க ரெண்டு தெருவுல திங்கக்கெழம காலைல யாரு காசு குடுப்பாங்கன்னு அது சொல்லாது. உங்களுக்கு வேண்டியது, உங்க ஆளுங்க போக முடியுற தூரத்துல, அவங்க வர முடியுற நேரத்துல, அவங்களுக்குக் கட்டுப்படியாகுற ரேட்டுல, வாரத்துக்கு எத்தன மணி நேரம் விக்க முடியும்ங்குற ஒரே கணக்கு.

பின்பக்கமா இருந்து ஆரம்பிங்க. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுறேன், நம்பர உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. கிளீனிங், சமையல் பாக்குற 7 பேருக்கு ஆளுக்கு வாரம் 30 மணி நேர கூலி வேணும்னு வைங்க, மொத்தம் 210 மணி நேரம். ஊருக்குப் போறாங்க, விருந்தாளி இருக்காங்க இன்னிக்கு வேணாம், வீடு மாத்துறோம்னு புக் ஆனதுல ஆறுல ஒரு மணி நேரம் கழிஞ்சு போகும்னு வச்சா நீங்க 252 மணி நேரம் புக் பண்ணி வச்சாதான் 210 கைக்கு வரும். ஒரு வீட்டுக்கு வாரம் மூணு தடவ, தடவைக்கு 2 மணி நேரம்னா வாரம் 6 மணி நேரம். அப்ப உங்களுக்கு வேண்டியது 42 வீடு. இப்ப "ஏரியால டிமாண்ட் இருக்கா"ங்குற பெரிய கேள்வி "42 வீடு பிடிக்க முடியுமா"ன்னு சின்னதாயிடுச்சு.

ஆனா இங்கதான் எல்லாரும் சறுக்குற எடம் வருது. எல்லா வீடும் காலைலதான் கேப்பாங்க. 7 மணிலருந்து 11 மணி வரைக்கும்தான் வேணும்னா ஒரு ஆள் அந்த நாலு மணி நேரத்துல ரெண்டு வீடு பாக்கலாம், அதுவும் ரெண்டும் ஒரே பில்டிங்ல இருந்தா மட்டும். 7 பேர், ஆளுக்கு ரெண்டு வீடு, வாரத்துல 6 நாள், 84 தடவ, ஒரு வீட்டுக்கு மூணு தடவன்னா 28 வீடு. அதே ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அரை மணி நேரம் பஸ்ல போகணும்னா ரெண்டாவது வீட்ட 11க்குள்ள முடிக்கவே முடியாது, ஆளுக்கு ஒரு வீடுதான், மொத்தமே 14. அரை மணி நேரப் பயணம் உங்க வியாபாரத்த பாதியா வெட்டிடுச்சு பாருங்க. 42 வீடு வரிசைல நின்னாலும் உங்களால 14க்கு மேல எடுக்க முடியாது, 11 மணிக்கு மேல உங்க ஆளுங்க சும்மா உக்காந்திருப்பாங்க.

அதனால சர்வே எடுக்கும்போது ஆமா, இல்ல கேக்காம, எந்தக் கெழம, எத்தன மணிக்கு, எந்த பில்டிங்னு எழுதுங்க. ஒரு சார்ட்டு பேப்பர்ல குறுக்க கெழம, நெடுக்க நேரம் போட்டு ஒவ்வொரு வீட்டையும் அந்தக் கட்டத்துல குறிங்க. அந்த ஒரு பேப்பர் உங்க ஃபார்ம் மொத்தத்தயும் விட மேல். மத்தியானம் வந்தா ரேட்டு கொஞ்சம் கம்மின்னு சொன்னா எத்தன பேர் மாத்திக்குறாங்கன்னு அப்பவே கேட்டுப் பாத்துடுங்க.


முன்னாள்_ஏஜென்ட்:

பேரேடு சொன்னது எல்லாம் சரி. நான் இந்தத் தொழில்ல ஏஜென்சி சைடுல இருந்தவன், திட்டாதீங்க 😀

நீங்க கணக்குல சேக்காத ஒண்ணு இருக்கு. கஸ்டமர் மொத மாசம் உங்க மூலமா வருவான், ரெண்டாவது மாசம் வேலைக்கு வந்த அக்காகிட்டயே "நீங்க நேரா வாங்க, நடுவுல அவங்களுக்கு எதுக்கு குடுக்கணும்"பான். வழக்கமா வர்ற வேலைல இது கண்டிப்பா நடக்கும், ஏன்னா ஆள அறிமுகம் பண்றதோட உங்க வேல முடிஞ்சுது. அறிமுகத்துக்கு இருக்குற டிமாண்ட் வேற, கூட்டுறவுக்கு இருக்குற டிமாண்ட் வேற. ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.

எப்பவாவது ஒரு தடவ வர்ற வேலைல இந்த ஓட்டை கம்மி. வீடு காலி பண்ணும்போது கிளீனிங், தண்ணித் தொட்டி கழுவுறது, குழாய் ரிப்பேர் மாதிரி. அதுல கஸ்டமருக்கு ஆள் யாருன்னே ஞாபகம் இருக்காது, நம்பர் மட்டும்தான் இருக்கும். அங்க அவனுக்கு ஒரு பேரும், ஒரு போனும், உடைஞ்சா கேக்க ஒரு எடமும் வேணும், அதுக்கு காசு குடுப்பான்.


மாத்து_ஆள்:

ஏஜென்ட் அண்ணா சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். நான் வயசானவங்கள பாத்துக்குற வேல செய்யுறேன், எங்களுது சின்ன கூட்டுறவு, ஓடிட்டு இருக்கு. எங்க கஸ்டமர் நேரா கூப்பிடாம இருக்குறதுக்குக் காரணம் எங்க ஆளுங்க யோக்கியம்ங்குறது மட்டும் இல்ல. எனக்கு காய்ச்சல் வந்தா வேற ஒருத்தி போவா. அந்த ஒரு விஷயத்துக்குத்தான் அவங்க எங்ககிட்ட இருக்காங்க.

இத சர்வேல எப்படி கண்டுபிடிக்குறதுன்னா, "மாத்து ஆள் அனுப்புனா நல்லாருக்குமா"ன்னு கேக்கவே கூடாது. கேட்டா ஆமாம்பாங்க, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நடந்தத கேக்கணும். "கடைசியா உங்க வீட்டுக்கு வர்றவங்க வராத அன்னிக்கு என்ன பண்ணீங்க?" இது ஒரு கேள்வி போதும். நாங்க ஒரு அம்மாகிட்ட இதக் கேட்டோம், மொதல்ல "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்லம்மா, ஒரு நாள்தான"ன்னாங்க. சரி அன்னிக்கு யாரு பாத்துக்கிட்டான்னு கேட்டதும் கொஞ்சம் யோசிச்சுட்டு, மக லீவு போட்டா, அவளுக்கு அன்னிக்கு ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங், சண்டையே வந்துடுச்சு, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ண கூப்பிட்டு கையில காசு குடுத்தோம்னு சொல்லிட்டே போனாங்க. அந்த வீட்ல டிமாண்ட் இருக்கு. ஏற்கனவே ஒரு தடவ காசு செலவு பண்ணி, லீவு போட்டு, சண்டையும் போட்டு முடிச்சிருக்காங்க. அதே கேள்விக்கு "அன்னிக்கு நானே பெருக்கிட்டேன்"னு ஒருத்தர் சிம்பிளா முடிச்சா அந்த வீட்டுக்கு நீங்க தேவையில்ல, வாயால எத்தன ஆமா சொன்னாலும்.

இப்ப யாரு வர்றாங்க, அவங்க எப்படி கெடைச்சாங்க, அதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் நின்னாங்க, எப்ப நின்னாங்க. இதெல்லாம் நடந்தது, இதுல யாரும் மரியாதைக்காக மாத்திச் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் கேக்கப் போறது உங்க ஆளுங்களாவே இருக்கட்டும். வேல பாக்குறவங்களுக்கு வீட்டுக்குள்ள கால் வச்ச உடனே தெரியும், இந்த வீட்ல என்ன வேல, எவ்ளோ நேரம் ஆகும்னு. வெளியாள் "2 மணி நேர வேல"ன்னு எழுதிட்டு வருவான், நீங்க பாத்தா அது மூணரை மணி நேரம். இன்னொண்ணு, முடியாதுன்னு சொன்ன வீட்டையும் காரணத்தோட எழுதி வைங்க. நாங்க அப்படி எழுதி வச்சதுலதான் பாதி வீடு "பழைய ஆளே இருக்காங்க, நல்லாதான் இருக்காங்க"ன்னு சொன்னது தெரிஞ்சுது. அது உங்கள மாதிரி இன்னொரு தொழிலாளியோட வேல, அதப் போய் பிடுங்குறதுக்கா கூட்டுறவு வைக்கிறோம்? அந்த ஆளையே மெம்பரா சேரச் சொல்லிக் கேளுங்க, வீடும் சேந்து வரும்.


வாடகை_வீட்டுக்காரி:

கஸ்டமர் சைடுல இருந்து ஒண்ணு சொல்றேன். எனக்கு ஃபார்ம் அனுப்புனா நானும் ஆமான்னுதான் போடுவேன், அப்புறம் கூப்பிட மாட்டேன் 🙈 ஏன்னா ஆமான்னு டிக் பண்றதுக்கு எனக்கு ஒரு செலவும் இல்ல. ஆனா "அடுத்த மாசம் ஆரம்பிக்குறோம், இப்பவே ஒரு நாளுக்கு அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்கு புதங்கெழம ஸ்லாட் எடுத்து வைக்குறோம், ஆரம்பிக்கலன்னா காசு திரும்ப வரும்"னு கேட்டீங்கன்னா நான் உண்மையாவே யோசிப்பேன். வேணும்னா குடுப்பேன், இல்லன்னா "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"ன்னு நழுவிடுவேன். வீட்ல கேட்டுட்டு சொல்றேங்குறத இல்லன்னே எழுதிக்கோங்க.


கூட்டுக்கை:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. அட்வான்ஸ் ஐடியாவ குரூப்ல சொன்னேன், ரெண்டு பேருக்கு பயம், ஆரம்பிக்க முடியலன்னா கெட்ட பேர் ஆயிடுமேன்னு. அத வாங்கி தனியா வைக்குறதுன்னு பேசிருக்கோம், தொடவே மாட்டோம்.

ரெண்டு சந்தேகம். ரேட்டு எவ்ளோன்னு எப்படி கேக்குறது? நேரா கேட்டா எல்லாரும் அடிமாட்டு ரேட்டுதான் சொல்றாங்க. இன்னொண்ணு, வீடு வீடா போறதுக்கு பதிலா ஆஸ்பத்திரி, ஆபீஸ், குடியிருப்பு சங்கம்னு மொத்தமா ஒரு எடத்துல காண்ட்ராக்ட் பிடிச்சா இந்த அலைச்சலே இல்லையேன்னு எங்க பிளம்பர் அண்ணன் கேக்குறாரு.


பேரேடு:

ரேட்டுக்கு ஒரு பழைய வழி இருக்கு. வான் வெஸ்டன்டார்ப்னு ஒரு டச்சு பொருளாதாரக்காரர் 1976ல சொன்னது, இன்னிக்கும் கம்பெனிக்காரங்க பயன்படுத்துறாங்க. எவ்ளோ குடுப்பீங்கன்னு கேக்காம நாலு கேள்வி கேக்கணும். எவ்ளோ கேட்டா ரொம்ப அதிகம்னு யோசிக்காம விட்டுடுவீங்க? எவ்ளோ கம்மியா இருந்தா இவங்க சரியா செய்வாங்களான்னு சந்தேகம் வரும்? எங்க வந்தா கொஞ்சம் அதிகம்தான் ஆனாலும் யோசிக்கலாம்னு தோணும்? எங்க வந்தா நல்ல மலிவுன்னு தோணும்? எத்தன பேர் எந்தத் தொகைல மாறுறாங்கன்னு கோடு போட்டா எந்த எடைவெளில உங்க ரேட்டு நிக்க முடியும்னு தெரியும்.

இதுல ரெண்டாவது கேள்விதான் உங்களுக்கு தங்கம். வீட்டுச் சாவி குடுக்குற வேல, வயசானவங்கள விட்டுட்டுப் போற வேல, இதுல ரொம்ப கம்மி ரேட்டு கேட்டா பயந்துடுவாங்க. எவ்ளோக்குக் கீழ போனா பயப்படுறாங்கன்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்களே தங்களோட ரேட்ட கொறைச்சு சொல்றது நிக்கும். ஆனா கெடைக்குற எடைவெளி உங்க கட்டுப்படியாகுற ரேட்டுக்குக் கீழ மொத்தமா விழுந்தா அந்த வேலய எடுக்காதீங்க. அங்க தேவ இருக்கு, உங்களுக்கு டிமாண்ட் இல்ல. கட்டுப்படியாகுற ரேட்டுல பஸ் நேரம், போன் எடுக்குற ஆளோட கூலி, லீவு எல்லாம் சேத்துக்கோங்க, இல்லன்னா ஏஜென்சி கமிஷன் ஏன் அவ்ளோ இருந்துச்சுன்னு ஆறு மாசத்துல புரிஞ்சுடும்.

பிளம்பர் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. நியூயார்க் பிராங்க்ஸ்ல கோஆப்பரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ்னு வீட்டுக்கே போய் வயசானவங்க, முடியாதவங்கள பாத்துக்குற கூட்டுறவு ஒண்ணு, 1985ல 12 பேரோட ஆரம்பிச்சாங்க, உங்கள மாதிரியே. பின்னாடி ரெண்டாயிரம் பேர் அளவுக்கு வளந்துச்சு, அமெரிக்காவுலயே பெரிய தொழிலாளர் கூட்டுறவுன்னு பேரு. ஆனா அவங்க காசு வீட்டுக்காரங்க பாக்கெட்ல இருந்து வரல, பெரும்பாலும் மெடிக்கெய்டுங்குற அரசாங்க மருத்துவத் திட்டத்துல இருந்து வருது. அதே ஊர்ல 2017ல ஆரம்பிச்ச அப் அண்ட் கோ வேற மாதிரி, கிளீனிங் கூட்டுறவுங்க சேந்து வச்சிருக்குற புக்கிங் ஆப், நேரா வீட்டுக்காரங்ககிட்ட போறாங்க, கஸ்டமர் குடுக்குறதுல 95 சதவீதம் வேல பாக்குறவங்களுக்குப் போகுது. ரெண்டும் ஒரே ஊர், ரெண்டுக்கும் காசு குடுக்குறவன் வேற. உங்க ஏரியால வயசானவங்க பராமரிப்புக்கு அரசாங்கமோ இன்சூரன்சோ காசு குடுக்குதான்னு மொதல்ல பாருங்க. குடுத்தா நீங்க பேச வேண்டியது வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் இல்ல, அந்த காண்ட்ராக்ட குடுக்குற ஆபீசர்கிட்டயும்தான். குடுக்கலன்னா அந்தக் கனவ இப்போதைக்கு ஓரமா வைங்க.


முன்னாள்_ஏஜென்ட்:

மொத்த காண்ட்ராக்ட்ல ஒரு கண்ணி இருக்கு. ஒரே சங்கம் உங்க மணி நேரத்துல முக்கால்வாசிய எடுத்துக்கிட்டா அவங்க அடுத்த வருஷம் ரேட்ட கொறைன்னு சொன்னா நீங்க வாயத் திறக்க முடியாது. பில்லும் லேட்டா பாஸ் பண்ணுவாங்க, வீட்டுக்காரன் வேல முடிஞ்ச அன்னிக்கே குடுப்பான், ஆபீஸ் ரெண்டு மாசம் இழுக்கும். அந்த ரெண்டு மாசம் உங்க அக்காங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறது? சங்கத்து செக்ரட்டரிகிட்ட பேசும்போது எத்தன வீடுன்னு கேக்குற மாதிரியே எத்தன நாள்ல பணம் வரும்னும் கேளுங்க, இப்ப இருக்குற காண்ட்ராக்டர் ஆளுங்ககிட்டயும் டீ குடிக்கும்போது அதயே கேளுங்க. ரெண்டு பதிலும் ஒத்துப் போகாது 😀


கூட்டுக்கை:

சரி அண்ணா. கடைசியா ஒண்ணு, நைட் டியூட்டி. எங்க 3 பேர் பாக்குற வயசானவங்க வேலைக்குத்தான் போன் அதிகமா வருது, ஆனா பாதி பேர் ராத்திரி தங்கச் சொல்றாங்க. இத டிமாண்டுல சேக்குறதா வேணாமா? ராத்திரி தூங்கத்தான போறீங்க, அதுக்கு எதுக்கு காசுன்னு கேக்குறாங்க.


மாத்து_ஆள்:

சேருங்க, ஆனா தனி பேப்பர்ல. பகல் மணி நேரத்தோட கலந்தீங்கன்னா கணக்கு வீங்கித் தெரியும், ஒரு ராத்திரிய 10 மணி நேரம்னு போட்டு கடன் குடுக்குறவங்க சந்தோஷப்பட்டுருவாங்க, கைக்கு வர்றது 3 மணி நேரக் கூலிதான்.

அப்புறம் அந்த "தூங்கத்தான போறீங்க" பேச்சுக்கு ஒரு பதில் இருக்கு. வீட்டுவேலை தொழிலாளர்களுக்காக ஐஎல்ஓ 2011ல கொண்டு வந்த 189ஆம் உடன்படிக்கைல, வீட்டுக்காரங்க கூப்பிட்டா எந்திரிக்கணும்னு காத்துட்டு இருக்குற, நம்ம இஷ்டத்துக்கு செலவழிக்க முடியாத நேரத்த, அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்ற அளவுக்கு வேல நேரமா எடுத்துக்கணும்னு இருக்கு. வாரத்துக்கு தொடர்ச்சியா 24 மணி நேரமாவது ஓய்வு குடுக்கணும்னும் இருக்கு. உங்க நாடு அத முறைப்படி ஏத்துக்கிட்டிருக்கா, உள்ளூர் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துக்கோங்க, ஆனா கூட்டுறவோட சொந்த ரூலா இத வச்சிக்குறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

அப்படி ரூல் வச்சா உங்க கணக்கு மாறும். ஒரு வீட்டுக்கு வாரம் 7 ராத்திரின்னா ஒரு ஆள் பத்தாது, ஓய்வு குடுத்தா ரெண்டாவது ஆள் வேணும். 3 பேர வச்சிட்டு 3 வீடு எடுக்க முடியாது, ஒரு வீடு நிம்மதியா, ரெண்டாவது வீடு ரொம்ப இழுத்துப் பிடிச்சாதான். அதனால போன்ல கேக்குறவங்ககிட்ட வாரத்துல எத்தன ராத்திரி, ராத்திரில எத்தன தடவ எந்திரிக்க வேண்டி வரும், தூக்கி மாத்தணுமா, இதயும் எழுதுங்க. ரெண்டு பேர் மாறி மாறி வருவாங்க, அதுக்கு இவ்ளோ ஆகும்னு சொன்ன பிறகும் போன வைக்காதவங்கள மட்டும் பேப்பர்ல ஏத்துங்க.